இருந்தாங்க என்னும் வினைமுற்று

இரு, பகுதி. த், சந்தி, அது ந் ஆனது விகாரம். அடுத்து வரும் த், இறந்தகால இடைநிலை. ஆங்க, 'ஆர்கள்' என்பது பேச்சில் தேய்ந்து நின்ற விகுதி. பன்மைக்கு உரியது, மரியாதைக்காக ஒருத்திக்கு வந்திருக்கிறது. பிரித்துவிட்டேன். இதற்கு மேல் பிரிப்பதற்கு அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் இப்படிப் பிரித்துக் காட்டிவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கும்போது, ஒரு சொல்லை அதன் கடைசி எலும்பு வரை பார்த்துவிட்ட நிறைவு எனக்கு வரும். இப்போது வரவில்லை. இருக்கை வாரை ஒரு முறை இறுக்கி, போதாதென்று இன்னொரு முறை இறுக்கிக்கொள்கிறேன். பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில், ஓடுபாதையின் ஓரமாக இந்தச் சிறிய விமானம் நிற்கிறது; வேறொரு விமானம் இறங்கிய பிறகுதான் நாங்கள் கிளம்ப முடியுமாம். தொலைபேசியை அணைத்துவிட்டேன். அணைப்பதற்கு முன், பதிவாகி வந்திருந்த யசோதாவின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "பெரியம்மா, அம்மா இருந்தாங்க. உங்களக் கேட்டாங்க. நீங்க வாங்க." மூன்று வாக்கியங்கள், முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு மூச்சு, பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். அம்மா என்று அவள் சொல்வது என் தங்கை பூங்கோதையை. நீரிணைக்கு அப்பால், அடுத்த நாட்டின் மேடான் நகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். நேற்று முன்தினம் சமையலறையில் மயங்கி விழுந்தவள். இதயம் என்று சொல்லித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டவள். வாழ்க்கைப்பட்டவள், விழுந்தவள், சேர்க்கப்பட்டவள்: எல்லாம் வினையாலணையும் பெயர்கள். அவற்றுக்கும் காலம் உண்டு, ஆனால் அவை யாரையும் கொல்வதில்லை. வினைமுற்று அப்படி இல்லை. அது முடிந்தது என்று சொல்லி நிற்கும். விமானத்தில் ஏறும் வாசலில் நின்றபடி யசோதாவை அழைத்துப் பார்த்தேன், இணைப்புக் கிடைக்கவில்லை. 'அம்மா எப்படி இருக்கிறாள்?' என்று எழுதி அனுப்பினேன். போய்ச் சேராமல், ஒற்றைக் குறியோடு அது அங்கேயே நின்றது. மேடானில் பிறந்து வளர்ந்த யசோதாவின் தமிழில் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றுதான். மூன்றையும் அவள் இறந்தகாலத்தால்தான் சொல்வாள். எனவே 'இருந்தாங்க' என்றால் 'இருக்காங்க' என்றும் பொருள்படும். அவளுடைய தமிழ் பிழையாக இருந்தால் என் தங்கை இருக்கிறாள். அவளுடைய தமிழ் சரியாக இருந்தால்.

நேற்று மாலை பயணச்சீட்டு கிடைத்த பிறகு செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் தொலைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். பாயான் லெப்பாஸிலிருந்து மேடானின் குவாலாநாமு வரை: விமான தொலைவு சுமார் இருநூற்று நாற்பது கிலோமீட்டர், பயண நேரம் சுமார் ஐம்பது நிமிடம். இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ். 'விமான தொலைவு' என்று போட்டிருந்தது, ஒற்று மிகவில்லை. விமானத் தொலைவு என்றல்லவா வர வேண்டும். பக்கத்தின் அடியில் பிழையைத் தெரிவிப்பதற்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். அந்தத் தகர ஒற்றைப் பற்றி இரண்டு வரி எழுதிய பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. உறைத்த பிறகும் அழிக்காமல் அனுப்பிவிட்டேன். அந்த நிமிடம் வரை அவள் இருந்தாள். மாலையில் யசோதா பேசினாள், அம்மா கண்ணைத் திறந்தார்கள், தண்ணீர் கேட்டார்கள் என்றாள். திறந்தார்கள், கேட்டார்கள். அப்போது அந்த இறந்தகாலங்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தின் கீழே, சின்ன எழுத்தில், அந்த ஐம்பது நிமிடம் எப்படி வந்தது என்றும் இருந்தது. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நேராக ஒரு கோடு கிழித்து, அதை விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரைமணி கூட்டியிருக்கிறார்கள். அப்படியானால் நீரிணையைக் கடப்பதற்கு இருபது நிமிடம்தான். மற்றதெல்லாம் தரையிலிருந்து விலகுவதற்கும் தரைக்குத் திரும்புவதற்கும் ஆகிறது. ஒரு நிலையத்துக்கும் இன்னொரு நிலையத்துக்கும் உள்ள தொலைவை அவர்களால் சொல்ல முடிகிறது. தொலைவு என்பது தொழிற்பெயரா, பண்புப்பெயரா? தொலை என்னும் பகுதிக்குச் சேய்மை என்றும் பொருள், அழிவு என்றும் பொருள். தொலைந்தான் என்றால் காணாமற்போனான். தொலைந்தான் என்றால் ஒழிந்தான். வேண்டாம். இந்தப் பகுதியைப் பிரிக்க வேண்டாம். கோதை சொல்வாள், "நீ கோலாலம்பூருக்குப் போறதவிட என் வீட்டுக்கு வர்றது கிட்டக்கா. ஆனா அங்க போறதுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம் பாரு, அதான் வருசத்துக்கு நாலு கருத்தரங்கு உனக்கு அங்க." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள் என்பது எதிர்காலமா? வழக்கமாகச் செய்வதைச் சொல்லவும் தமிழில் இதே வடிவம்தான் வரும். சிரிப்பாள். இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

விமானம் அசைகிறது. பக்கத்து இருக்கைக்காரர் என் முழங்கையைத் தட்டி, "டீச்சர்தான?" என்கிறார். பெயர் கோவிந்தராஜு, பட்டர்வொர்த்திலிருந்து வருகிறார், கொட்டைப்பாக்கு வியாபாரம். இதையெல்லாம் நான் கேட்காமலே ஏறியபோதே சொல்லிவிட்டார். ஆம் என்று தலையசைக்கிறேன். "பாத்தாலே தெரியுதுலா. எங்க மருமகளும் டீச்சர்தான். இப்படித்தான் கைய மடியில அடுக்கி வச்சிக்கிட்டு ஒக்காருவா, யாரோ பரீட்சைத்தாள் குடுக்கப் போற மாதிரி. பசியாறிட்டீங்களா?" ஆயிற்று என்கிறேன், ஆகவில்லை. "மொத தடவையா? இந்த ப்ளேன்ல ஒரு வேடிக்கை இருக்கு டீச்சர். அங்க நேரம் நம்ம நேரத்தவிட ஒரு மணி பின்னாடி. பறக்குறது ஒரு மணிகூட இல்ல. அதனால கெளம்புன நேரத்துக்கு முன்னாடியே போயி எறங்கிருவோம். எம்பொண்டாட்டிகிட்ட சொல்லுவேன், மாசத்துக்கு ஒரு தடவ மேடான் போறேன், எனக்கு வயசு கொறையுது, ஒனக்குத்தான் ஏறுதுன்னு." அவர் சிரிக்கிறார்; சிரிக்கும்போது இருக்கை குலுங்குகிறது. நானும் உதட்டை விரிக்கிறேன். கிளம்பியதற்கு முன்பே சென்று சேர்வது. சென்று சேர்ந்தோம், இனிமேல் கிளம்புவோம். இப்படி ஒரு வாக்கியத்தை மாணவன் எவனாவது எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். ஆனால் யசோதாவின் குரல் வந்தது எந்த மணியில்? என் கைக்கடிகாரத்தின்படியா, அவள் ஊரின்படியா? அந்த ஊரில் இன்னும் அந்த மணி ஆகியிருக்காது. நாங்கள் இறங்கும்போது அந்த மணி அப்போதுதான் ஆகும். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் போய் நின்றுவிட்டால். எவ்வளவு அபத்தம். கடிகாரங்கள் இரண்டு, பொழுது ஒன்று. "மேடான்ல யாரு டீச்சர் உங்களுக்கு?" "தங்கை." "ஓ, தங்கச்சி இருக்காங்களா அங்க?" இருக்காங்களா. அவர் வெறுமனே கேட்கிறார். இதற்கு எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்; அதைச் சொல்லி முடிக்க ஒரு நொடிகூட ஆகாது. இருக்கிறாள் என்று சொல்லி, அது பொய்யாக இருந்தால்? இருந்தாள் என்று சொல்ல நான் யார்? "தங்கை, மேடானில்," என்கிறேன். வினை இல்லாத வாக்கியம். அவர் அதைக் கவனிக்கவில்லை. "அப்ப நல்லாச் சாப்பாடு போடுவாங்க," என்கிறார். விமானம் ஓடத் தொடங்குகிறது. வயிறு முதுகோடு ஒட்டுகிறது. தரை எங்களை விட்டுவிடுகிறது.

மேகத்துக்குள் போகிறோம். சன்னலில் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. டிசம்பர் விடுமுறையில் அவர்கள் இருவரும் பத்து நாள் வந்திருந்தார்கள், தாயும் மகளும். யசோதா பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்ப்பவள், இருபத்தேழு வயது, என்னைவிட உயரம். சாப்பாட்டு மேசையில், மீன் குழம்பில் விரல் தோய்ந்திருக்க, "பெரியம்மா, நாளைக்கு நான் கர்னி போனேன்," என்றாள். கர்னி கடற்கரைக்கு மறுநாள் போவதைச் சொல்கிறாள். "போனேன் இல்லை. போவேன்." "போவேன்," என்றாள், உடனே, மன்னிப்புக் கேட்பதைப்போல. பூங்கோதை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "விடுக்கா. சோத்த வாயில வச்சிருக்கிறவகிட்ட வினைமுற்று கேக்குற," என்றாள். "காலம் தவறினால் பொருள் தவறும், கோதை." "எங்க வீட்ல ரெண்டே காலந்தான், தெரியும்ல? சுடா, பெலும். ஆச்சு, இன்னும் ஆகல. சாப்டியா? சுடா. குளிச்சியா? பெலும். கல்யாணம்? பெலும்! பாரு, அஞ்சு வருசமா பெலும் பெலும்னே சொல்லிட்டிருக்கா. இல்லன்னு மட்டும் சொல்லவே கூடாது அங்க. இல்லன்னா கதவச் சாத்துன மாதிரி. பெலும்னா தொறந்திருக்கு." "அம்மா!" என்று யசோதா அவள் தோளில் இடித்தாள். அந்த இரண்டு சொல்லும் எனக்கும் தெரிந்தவைதான். மலாய்க்கும் அவர்கள் மொழிக்கும் பொது. பினாங்கில் மீன் வாங்குவதென்றாலும் வேண்டும். இன்று யசோதா அந்த இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும். ஒரே சொல். நான் இந்த இருக்கையில் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பெரியம்மாவிடம் தமிழில்தான் பேச வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். சட்டம் போட்டவள் கோதை. போடச் சொன்னவள் நான் என்றுதான் யசோதா நினைத்திருப்பாள். மருத்துவமனை நடைவழியில், அந்த நேரத்திலும், அவள் சட்டத்தை மீறவில்லை. சொற்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக வைத்திருக்கிறாள். அந்த மூச்சு. முதல் வாக்கியத்துக்கும் இரண்டாம் வாக்கியத்துக்கும் நடுவே அவள் விட்ட மூச்சு. அழுகையா அது, அல்லது அடுத்த வினைச்சொல்லைத் தேடினாளா? இருவகையிலும் மூச்சு ஒரே மாதிரிதான் கேட்கும். அந்தப் பத்து நாளும் நான் திருத்திக்கொண்டே இருந்தேன். அதில் ஓர் இன்பம் எனக்கு; மறைப்பானேன். கிளம்பும் நாளன்று, இதே பாயான் லெப்பாஸில், பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் திரும்பி நின்று, "பெரியம்மா, அடுத்த வருசம் வருவேன்," என்றாள். வ், எதிர்கால இடைநிலை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். கோதை நடுவில் வந்து, "நான் அடுத்த மாசமே வர்றேங்க்கா, ஒரு செக்கப் இருக்கு," என்றாள். வர்றேன், நிகழ்காலம், எதிர்காலத்துக்கு வந்திருக்கிறது, அதை நான் திருத்தவில்லை. தமிழர் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. மேடானிலிருந்து ஒரு நகரமே பினாங்கு மருத்துவமனைகளுக்கு வந்து போகிறது. விமானத்தின் நடைவழிக்கு அந்தப்புறம் ஒரு சீனத் தம்பதி, கணவன் மடியில் எக்ஸ்ரே உறை, மனைவியின் கை அதன்மேல். அவர்கள் வீடு திரும்புகிறார்கள்.

ஆக, கேள்வி இதுதான்: அவள் கற்றுக்கொண்டாளா? சான்றுகளை எடுத்து வைத்துக்கொள்கிறேன். வருவேன் என்றாள், அது சரி. ஆனால் அது விடைபெறும் நேரம், என்னை மகிழ்விப்பதற்காக முன்கூட்டியே மனத்தில் சொல்லிப் பார்த்திருக்கலாம். பொங்கலன்று தொலைபேசியில், "அம்மா தூங்கினாங்க," என்றாள். நான் காலை பத்து மணிக்கு அழைத்திருந்தேன். இரவு தூங்கினார்கள் என்றாளா, அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றாளா? நான் கேட்கவில்லை, பொங்கலும் அதுவுமாக வேண்டாமே என்று விட்டுவிட்டேன். போன மாதம், "புது வேலைக்கு மனுப் போட்டேன்," என்றாள். போட்டிருந்தாள், அது சரி. "பணம் அனுப்பினேன்," என்றாள், அனுப்பியிருந்தாள். நடந்ததை இறந்தகாலத்தில் சொன்னால் அது எதற்கும் சான்றாகாது. நின்றுபோன கடிகாரமும் ஒரு பொழுதில் சரியாகத்தான் காட்டும். நேற்று மாலை, "டாக்டர் வருவாங்க," என்றாள். வருவாங்க! மருத்துவர் அதன்பிறகுதான் வந்தார். அப்படியானால் தெரிந்துகொண்டாள். எதிர்காலம் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இல்லை, பொறு, தெரிந்ததெல்லாம் எப்போதும் வாயில் வருமா? பதற்றத்தில் பழைய நாக்குத்தானே வரும்? என் மாணவர்கள், பட்டம் பெற்றவர்கள், கோபத்தில் ஒருமை பன்மை மயங்கவில்லையா? அவளும் அப்படித்தான் பிசகியிருப்பாள். பிசகியிருக்க வேண்டும். என் வாழ்நாளில் யாருடைய பிழைக்காகவும் நான் இப்படிக் கெஞ்சியதில்லை. நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் அவள் மண்டையில் ஏறாமல் போயிருக்கட்டும். அந்தப் பத்து நாளும் வீணாகட்டும். அவள் என்றைக்கும் நாளைக்குப் போனவளாகவும் நேற்று வருகிறவளாகவுமே இருக்கட்டும். நான் இனி வாயைத் திறக்கமாட்டேன். யாரிடம் இந்தப் பேரம்? எனக்குக் கடவுளிடம் பேசுகிற பழக்கம்கூடக் கிடையாது; கோதைதான் மாரியம்மன் கோவிலுக்குப் போவாள், எனக்கும் சேர்த்து அர்ச்சனை செய்வாள், என் நட்சத்திரத்தை ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்வாள். இன்னொன்றும் இருக்கிறது. அதை நினைக்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன், வந்துவிட்டது. சரியான தமிழிலும் காலம் மயங்கும். பிழையாக அல்ல, உரிமையோடு. படலைத் திறக்காமலே 'இதோ வந்துட்டேன்' என்கிறோம். விரைவைக் காட்ட இறந்தகாலம். இனித் தப்ப முடியாது என்று தெரிந்தவனைப் பார்த்து, அவன் நின்றுகொண்டிருக்கும்போதே, 'செத்தான்' என்கிறோம்; உறுதியைக் காட்ட இறந்தகாலம். காலவழுவமைதி. வழுவாயினும் அமைக என்று இலக்கணம் அனுமதித்தது. அப்படியானால் யசோதா சொன்னது சரியாகவும் இருந்து, கோதை உயிரோடும் இருந்து, ஆனால் இனி இல்லை என்பது உறுதியாகிவிட்டதால் இருந்தாங்க என்று. அவளுக்கு இந்த நுட்பம் தெரியாது. தெரியாமலே வாயில் வந்திருக்குமோ? மூன்று கதவு. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. "இருக்கிறாள்," என்கிறேன். குரல் வெளியே வந்துவிட்டது. கோவிந்தராஜு கண்ணைத் திறந்து, "என்னா டீச்சர்?" என்கிறார். "ஒன்றுமில்லை." "காது அடைக்குதா? மிட்டாய் வச்சிருக்கேன், வாயில போடுங்க. எறங்கப் போறான்." புளி மிட்டாய். வாயில் போட்டுக்கொள்கிறேன். புளிக்கிறது. புளிக்கிறது, நிகழ்காலம், இதில் ஐயமே இல்லை.

மேகம் கிழிகிறது. கீழே நீரிணை, பழுப்பும் பச்சையுமாக, பிறகு கரை, பிறகு செம்பனைத் தோட்டங்கள், சதுரம் சதுரமாக. இந்தக் கரைதான் மேடானுடையது. தொடக்கத்தில், அவள் கல்யாணமாகி வந்த புதிதில், அந்தக் கரையிலிருந்து பினாங்கு தெரியுமா என்று கேட்டு எழுதினேன். தெரியாது, ஆனால் வானொலி கேட்கும் என்று பதில் எழுதினாள். தமிழ்ச் செய்தி வாசிக்கிறவன் தவறாக உச்சரித்தால் உன்னை நினைத்துக்கொள்வேன் என்றும் எழுதியிருந்தாள். இறங்க இறங்கக் காது வலிக்கிறது, கண்ணில் நீர் வருகிறது. இது காதுவலியின் நீர்தான். எனக்கு இப்போது அங்கே போய்ச் சேர வேண்டாம் போலிருக்கிறது. இவ்வளவு நேரமும் விரைவாகப் போ, விரைவாகப் போ என்று அழுத்திக்கொண்டிருந்தவள் நான். இப்போது அந்த நேர்கோட்டை யாராவது பிடித்து நீட்டினால் நன்றாக இருக்கும். ஒருநாள், ஒரு வாரம், இந்தப் புளி மிட்டாயோடு இப்படியே. மேலே இருக்கும்வரை ஒன்றும் தீர்மானமாகவில்லை. மேலே இருக்கும்வரை எல்லாமே பெலும். கோதை சொன்னது சரிதான், நல்ல சொல் அது, கதவு திறந்திருக்கிறது. கோவிந்தராஜு, எக்ஸ்ரே உறைக்காரர், அவர் மனைவி, விமானம் ஓட்டுகிறவர், நான்: செத்தாயா என்று கேட்டால் நாங்கள் எல்லாரும் இல்லை என்று சொல்லக்கூடாது, பெலும் என்றுதான் சொல்ல வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டு ஒருமுறை துள்ளுகிறது. யாரோ கைதட்டுகிறார்கள். "பாத்தீங்களா, சொன்னேன்ல?" என்று கோவிந்தராஜு தன் கைக்கடிகாரத்தைத் திருகி ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார். என்னுடையதைத் தொட எனக்குக் கை வரவில்லை. தொலைபேசியை எடுக்கிறேன், விரல் அதன்மேல் நிற்கிறது, உயிர்ப்பிக்கிறேன். உயிர்ப்பிக்கிறேன், வேறு சொல்லே இல்லையா இதற்கு? திரை வெளிச்சமாகிறது. இந்த ஊரின் இணைப்பை என் சிம் அட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. என் கேள்வி இன்னும் ஒற்றைக் குறியோடு நிற்கிறது.

குடிநுழைவு வரிசை நீளம். முத்திரை குத்துகிற அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று அவர்கள் மொழியில் கேட்கிறார், தங்கையைப் பார்க்க என்கிறேன், எத்தனை நாள் என்கிறார், தெரியாது என்கிறேன், அவர் ஏதோ ஓர் எண்ணைத் தாமே போட்டுக்கொள்கிறார். கண்ணாடிக் கதவு விலகுகிறது. பெயர்ப்பலகைகள், பூங்கொத்துகள், வாடகைக் கார்க்காரர்களின் கூச்சல். அதன் நடுவே யசோதா. முதலில் உடையைப் பார்க்கிறேன். நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. வேலைக்குப் போகிற உடை. இதில் ஒன்றும் தெரியவில்லை. முடியைப் பார்க்கிறேன், பின்னிக் கட்டியிருக்கிறாள். கண்ணைப் பார்க்கிறேன், சிவந்திருக்கிறது. இரண்டு நாளாகத் தூங்காதவளின் கண்ணும் சிவக்கும். "பெரியம்மா," என்று என் பையை வாங்கிக்கொள்கிறாள். நான் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். வாக்கியத்துக்கு ஒரு வினை வேண்டும். வினையை எடுத்தால் காலம் கூடவே வரும். எப்படி இருக்கிறாள் என்று கேட்டு, இந்தக் குழந்தையின் முகம் உடைவதை நான் பார்க்க வேண்டுமா? சுடா என்று கேட்டுவிடலாம், அவள் மொழியில், ஒற்றைச் சொல்லில். வாய் அதற்கு வரவில்லை. என் கை தானாகப் போய் அவள் சட்டைக் காலரைச் சரிசெய்கிறது. அவள் அப்படியே நிற்கிறாள், சரிசெய்து முடிக்கும்வரை. "வாங்க பெரியம்மா. சித்தப்பா கார் கொண்டு வந்துட்டாங்க." வெளியே வருகிறோம். வெயில் முகத்தில் அறைகிறது. பாதையோரம் நீளமாகக் காலியாகக் கிடக்கிறது. கார் இல்லை. "எங்கே?" என்கிறேன். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க," என்று அவள் தூரத்து வளைவைக் காட்டுகிறாள். அங்கேயும் எதுவும் இல்லை. வந்துட்டாங்க. வராத காருக்கு வந்துட்டாங்க. பிழை! இவள் கற்றுக்கொள்ளவில்லை! வருவார்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில், பழைய யசோதா, நாளைக்குப் போன யசோதா. அங்கே இருந்த சிமென்ட் திட்டில் உட்கார்ந்துவிடுகிறேன். சிரிப்பு வருகிறது, உண்மையாகவே வருகிறது, தொண்டையிலிருந்து ஒரு கேவலைப்போல. இந்தக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. கோதை இருக்கிறாள். கண்ணைத் திறந்து என்னைக் கேட்டாள், என்னைக் கேட்கிறாள். நான் போய், இந்தப் பெண்ணுக்கு நான் இனி ஒன்றும் சொல்லித்தரமாட்டேன், நீ ஜெயித்தாய் என்று.

யசோதா என் பக்கத்தில் உட்கார்கிறாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஜிப்பை முன்னும் பின்னுமாக இழுக்கிறாள். பிறகு நிறுத்தி, என்னைப் பாராமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறாள். "காலையிலேயே அம்மாவ வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம், பெரியம்மா. கூடத்துல வச்சிருக்கோம். அத்தைங்க எல்லாரும் நேரமாகுது, குளிப்பாட்டிறலாம்னு சொன்னாங்க. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். பெரியம்மா வந்துக்கிட்டிருக்காங்க, வந்த பிறகுதான் குளிப்பாட்டுவோம்னு சொன்னேன்." கொண்டு வந்துட்டோம், நடந்து முடிந்தது. வச்சிருக்கோம், இப்போதும் அப்படியே. வந்துக்கிட்டிருக்காங்க, நான் அந்த நேரத்தில் கடலின்மேல் இருந்தேன். வந்த பிறகு, பெயரெச்சம், தவறாமல் இறந்தகாலத்தில். குளிப்பாட்டுவோம், வ், எதிர்கால இடைநிலை. காரைப் பற்றிச் சொன்னதும் பிழையில்லை. பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவர்கள் அவசரத்தில் சொல்வது போலத்தான் சொல்லியிருக்கிறாள். முதலிலிருந்து மறுபடியும் பார்க்கிறேன். அத்தைங்க சொன்னாங்க, எழுவாய், பயனிலை, பொருந்துகிறது. வேண்டாம்னு சொல்லிட்டேன்; பொருந்துகிறது. எங்காவது ஒன்று இருக்கும். ஒரே ஓர் இடம், ஓர் ஒற்று, ஓர் இடைநிலை. கடைசியிலிருந்து முதலுக்கு வருகிறேன். வெள்ளைக் கார் ஒன்று வளைவில் திரும்பி எங்களை நோக்கி வருகிறது. யசோதா எழுந்திருக்கவில்லை.

"சரியா, பெரியம்மா?" என்கிறாள்.

அவள் முகம் என் பக்கம் திரும்பியிருக்கிறது. பதிலுக்காகக் காத்திருக்கிறது.

"சரிதான்," என்கிறேன்.